கதைக்குள் ஒரு புது எழுத்து: எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறார்கள். அதில் வரும் தொடர்கதையில் கடலுக்கடியில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் மக்கள் பேசுவது தமிழ். எழுதுவது மட்டும் வேறு எழுத்து. கதையில் வரும் கடிதங்களும் கடைப் பலகைகளும் அந்த எழுத்திலேயே இருக்க வேண்டும், கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையை வைத்து வாசகர்கள் படித்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. "எழுத்தை எப்படி வரையணும்னு சொல்லிக் குடுங்க அக்கா" என்று வந்து நின்றார்கள்.

வரைவது அப்புறம். ஒரு குறி எதைக் குறிக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஓர் அசை முழுவதையுமா, ஒற்றை ஒலியையா, ஒலி வாயில் பிறக்கும் இடத்தையா? உயிர் எங்கே உட்காரும்? கை எந்தப் பக்கம் நகரும்? புது எழுத்து செய்யும் பலரும் அழகான வளைவுகளைப் பக்கம் பக்கமாக வரைந்துவிட்டு, பிறகு அவற்றுக்கு ஒலி தேடுகிறார்கள். அப்படிச் செய்த எழுத்தில் பெயர் எழுதலாம், கடிதம் எழுத முடியாது. முறை சரியாக அமைந்துவிட்டால் உருவத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் தேவை இதுதான். கோடு போட்ட நோட்டில், ஜெல் பேனாவால், பல பேர் கையெழுத்தில் எழுதப்படும். எழுதுபவர்கள் எட்டாவது, ஒன்பதாவது படிப்பவர்கள். எந்தத் தமிழ்ச் சொல்லும் எழுத வர வேண்டும். பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் கதையில் பிரெஞ்சுப் பெயர்களும் வரும். இவற்றை வைத்துக்கொண்டு, உலகில் ஏற்கெனவே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட சில எழுத்துமுறைகளைத் தமிழுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

அசைக்கு ஒரு குறி

பிள்ளைகளுக்கு முதலில் தோன்றிய வழி, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் பதிலாக ஒரு புது உருவம். இதற்கு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் செரோக்கி மக்களில் ஒருவரான செக்கோயா, எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாமலேயே தன் மொழிக்கு ஓர் எழுத்தை உருவாக்கி 1821 வாக்கில் முடித்தார். அசைக்கு ஒன்றாக முதலில் 86 குறிகள், பிறகு 85. 1828இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே அச்சாகிவிட்டது.

ஆனால் செரோக்கியில் பெரும்பாலான அசைகள் உயிரில்தான் முடியும். அதனால் 85 குறிகள் போதுமாக இருந்தன. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. அத்தனை உருவங்களை ஒன்றோடொன்று குழம்பாமல் வரைவதே பெரும்பாடு. அட்டவணையும் பத்திரிகையின் பாதியைத் தின்றுவிடும்.

இதே வழியில் ஒரு புத்திசாலித்தனமான மாற்றம் கனடாவின் கிரீ எழுத்தில் இருக்கிறது. ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் 1840இல் அச்சிட்டுப் பரப்பியது. அதில் உருவம் மெய்யைச் சொல்லும்; அந்த உருவம் திரும்பியிருக்கும் திசை உயிரைச் சொல்லும். ஆப்பு வடிவம் ஒன்று மேல்நோக்கி நின்றால் 'பி', வலப்பக்கம் திரும்பினால் 'பொ', இடப்பக்கம் திரும்பினால் 'ப', கீழ்நோக்கினால் 'பே'. நெடிலுக்கு மேலே ஒரு புள்ளி. அசையின் கடைசி மெய்க்குச் சின்னதாக ஒரு தனிக் குறி. பார்க்கவே ஆசையாக இருக்கும். தமிழுக்கு இது ஓர் இடத்தில் இடிக்கிறது: திசை நான்கு, ஆனால் நம் குறில் ஐந்து, அப்புறம் ஐ, ஔ வேறு. ஐந்தாவது உயிருக்குக் கண்ணாடிப் பிம்பத்தைப் பயன்படுத்தலாம்தான். பதினெட்டு உருவங்களை ஐந்து விதமாகத் திருப்பி, அதைப் பல பேர் கையெழுத்தில் படிக்கும்போது எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற சண்டை வரும். இந்த வழியை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன்.

ஒலிக்கு ஒரு குறி

உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாக, வரிசையாக ஒரே கோட்டில் உட்காருவது இரண்டாவது வழி. இந்தியாவிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு 1925இல் சந்தாலி மொழிக்கு உருவாக்கிய ஒல் சிக்கி. மொத்தம் 30 எழுத்துகள். நம் எழுத்துகளைப் போல மெய்யின்மேல் உயிர் ஒட்டிக்கொள்வதில்லை. உயிருக்கும் முழு எழுத்துதான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது மேற்கு ஆப்பிரிக்காவின் அட்லம். கினி நாட்டில் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற அண்ணன் தம்பி இருவரும் 1989இல் தங்கள் ஃபுலானி மொழிக்கு உருவாக்கியது. அப்போது அவர்களுக்கு வயது 14, 10. வலமிருந்து இடமாக எழுதுவது. இன்று அது யூனிகோடில் இருக்கிறது, 2016இல் சேர்த்தார்கள். "நம்ம வயசுதான்" என்று எங்கள் பிள்ளைகள் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். இது சிறுபிள்ளை விளையாட்டில்லை என்று அவர்களுக்குப் புரிய அந்த ஒரு கதை போதும்.

தமிழுக்கு இந்த வழியில் 31 குறிகள் போதும். மேலே கீழே ஒட்டும் அடையாளம் எதுவும் கிடையாது, ஆகவே கிறுக்கலான கையெழுத்திலும் பிழைக்கும். அவசரமாகக் கற்க வேண்டும் என்றால், அல்லது இரண்டு நண்பர்களுக்குள் ரகசியக் கடிதம் எழுத மட்டும்தான் என்றால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

எங்களுக்குத் தடையாக இருப்பது நீளம். 'கடலூர்' என்ற நான்கெழுத்துச் சொல் ஏழு குறியாகிறது. 'புதுச்சேரி' ஐந்திலிருந்து ஒன்பது. 'திருப்பாதிரிப்புலியூர்' பதினொன்றிலிருந்து பத்தொன்பது. நீளத்தை விடப் பெரிய சங்கடம் ஒன்றும் உண்டு. தமிழில் படித்து வளர்ந்த கண் 'லூ' என்பதை ஒரே எழுத்தாகப் பார்த்துப் பழகியது. அதை இரண்டாக உடைத்து வைத்தால் வாசகர் ஒவ்வோர் இடத்திலும் கூட்டிக் கூட்டிப் படிக்க வேண்டும்.

வாயிலிருந்து பிறந்த எழுத்து

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. கொரியாவின் அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் அறிவித்த ஹங்குல் எழுத்தில், மெய்யின் உருவம் வாயின் நிலையைக் காட்டுகிறது. 'ந' ஒலிக்கு, மேலே உயர்ந்த நாக்கு நுனியின் வடிவம். அதன்மேல் ஒரு கோடு கூட்டினால் 'த'. 'ம' ஒலிக்கு வாயைக் குறிக்கும் ஒரு கட்டம். அதில் கோடு சேர்த்தால் 'ப'. முதலில் 28 எழுத்துகள் இருந்தன, இன்று அடிப்படை எழுத்துகள் 24.

இதைப் படிக்கும் தமிழருக்கு உடனே ஒன்று தோன்ற வேண்டும். ந-த, ம-ப என்று மெல்லினத்தையும் வல்லினத்தையும் ஜோடி சேர்ப்பது நமக்குப் புதிதா என்ன? தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதே கணக்கைத்தான் போடுகிறது. க, ங இரண்டும் நாக்கின் அடியில் பிறக்கின்றன. ச, ஞ நடு நாக்கில். ட, ண நுனி நாக்கில். த, ந பல்லின் அடியில். ப, ம உதட்டில். ற, ன நுனி நாக்கு மேலே போய்த் தொடுவதில். ஆறு இடம், ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஜோடி. இத்தனை சீராக வகுத்து வைத்தும், இன்று நாம் எழுதும் க-வுக்கும் ங-வுக்கும் உருவத்தில் எந்த உறவும் தெரிவதில்லை. புது எழுத்தில் அந்த உறவைக் கண்ணுக்குக் காட்ட முடியும். எனக்கு இந்த வேலையில் உண்மையான ஆர்வம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் ஹங்குலில் இன்னொரு பாதி இருக்கிறது. எழுத்துகள் வரிசையாக நிற்பதில்லை. ஓர் அசை ஒரு கட்டமாகச் சேர்ந்துகொள்ளும். முதல் மெய், அதன் வலப்பக்கமோ கீழேயோ உயிர், அதற்கும் கீழே கடைசி மெய். தமிழுக்கு இது பொருந்தாமல் இல்லை. 'கடலூர்' மூன்று கட்டம்: க, ட, லூர். 'வாழ்க்கை' இரண்டு கட்டம், ஆனால் முதல் கட்டத்துக்குள் வ், ஆ, ழ், க் என்று நான்கை அடைக்க வேண்டும். ஒரே மெய் ஓரிடத்தில் அகலமாகவும் இன்னோரிடத்தில் ஒடுக்கமாகவும் மூன்றாவது இடத்தில் தட்டையாகவும் வரும். ஒவ்வொன்றையும் பல அளவில் எழுதிப் பழக வேண்டும். தூரிகை பிடித்துப் பழகிய கைக்கு அது இயல்பாக வரும். கோடு போட்ட நோட்டில் ஜெல் பேனாவால் எழுதும் பிள்ளைக்கு 'வாழ்க்' கறுப்புப் புள்ளியாகத்தான் முடியும்.

எனவே ஹங்குலிலிருந்து உருவக் கொள்கையை எடுத்துக்கொண்டு, கட்டத்தை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

தண்டும் வில்லும்

கட்டத்துக்குப் பதில் என்ன? ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதை உலகத்துக்காக வடிவமைத்த தெங்வார் எழுத்து இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஒவ்வொரு முதன்மை எழுத்தும் ஒரு தண்டு, ஒரு வில் என்று இரண்டே உறுப்பால் ஆனது. வில் வலப்பக்கமா இடப்பக்கமா, திறந்ததா மூடியதா என்பது ஒலி பிறக்கும் இடத்தைச் சொல்லும். தண்டு கீழே இறங்குகிறதா, மேலே ஏறுகிறதா, குட்டையாக நிற்கிறதா என்பதும், வில் ஒன்றா இரண்டா என்பதும் ஒலியின் வகையைச் சொல்லும். இப்படி நான்கு பத்தி, ஆறு வரிசை, 24 எழுத்துகள். உயிர்கள் மெய்யின் தலைமேல் சின்னக் குறிகளாக உட்காரும். அவருடைய ஒரு மொழியில் உயிர்க்குறி முன்னால் வரும் மெய்யின்மேல் ஏறும், இன்னொன்றில் பின்னால் வரும் மெய்யின்மேல். மொழியின் அசை எப்படி முடிகிறதோ அதற்கேற்ப ஒரே எழுத்தை வெவ்வேறு விதமாக இயக்கலாம் என்பது நாம் கவனிக்க வேண்டிய பாடம்.

உயிர் தலைமேல் உட்காருவதில் தமிழுக்குத் தனிப்பட்ட லாபம் இருக்கிறது. இப்போது நாம் 'கெ' எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடுகிறது, பிறகு க. 'கொ'வில் கொம்பு, க, கால். வாய் முதலில் சொல்வது க், கை முதலில் எழுதுவது எ. 'உ' சேரும்போது கு, சு, து, பு என்று மெய்க்கு மெய் வேறு வேறு உருவம். எல்லா உயிரும் ஒரே இடத்தில், மெய்யின் தலைமேல் என்று வைத்துவிட்டால் இந்தச் சிக்கல்கள் மொத்தமும் தீர்ந்துபோகும். எழுத்தை மாற்றுவது நமக்கு வழக்கமில்லாத காரியமும் அன்று. எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை உருவத்தில் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர். பெரியாரின் சீர்திருத்தத்தைப் பின்பற்றி 1978இல் தமிழக அரசு ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய உருவங்களை மாற்றியது.

தெங்வாரின் குறை, எழுத்துகள் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருப்பது. வில் எந்தப் பக்கம் என்பதை வைத்து மட்டும் த-வையும் க-வையும் பிரித்தால், வேகமாகப் படிக்கும்போது கண் தடுமாறும். எழுதப் பழகும் வயதில் இடவலம் மாறிப்போகும் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். ஒரே இடத்தில் பிறக்கும் எழுத்துகளுக்குள் குடும்ப ஒற்றுமை தெரிய வேண்டும், ஆனால் ஆறு குடும்பத்துக்கும் ஆறு வெவ்வேறு அடிப்படை உருவம் இருக்க வேண்டும். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று வரக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஒன்றும் போடாவிட்டால் அது என்ன?

உயிரைக் குறியாக ஒட்டுவது என்று முடிவு செய்ததும் இந்தக் கேள்வி வரும். குறி எதுவும் இல்லாத வெறும் உருவம் 'க'வா, 'க்'கா? நம் எழுத்தில் வெறும் உருவம் 'க'; மெய்க்குப் புள்ளி. புது எழுத்தில் வெறும் உருவத்தையே மெய்யாக வைத்து, அகரத்துக்கு ஒரு சின்னக் குறி கொடுக்கலாம்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்தே எண்ணிப் பாருங்கள். 'கடலூர்': வெறும் உருவம் அகரம் என்றால் இரண்டு குறிகள் போட வேண்டும், மெய் என்றால் மூன்று. 'சிதம்பரம்': மூன்று, நான்கு. இதுவரை பழைய முறையே சிக்கனம். 'நெய்வேலி': நான்கு, மூன்று. 'மஞ்சக்குப்பம்': ஐந்து, நான்கு. 'புதுச்சேரி': ஐந்து, நான்கு. 'திருப்பாதிரிப்புலியூர்' என்ற சொல்லில் ஓர் அகரம்கூடக் கிடையாது. பழைய முறையில் பதினொரு எழுத்துக்கும் பதினொரு குறி. புது முறையில் எட்டு. ஆக, எந்தச் சொல் என்பதைப் பொறுத்து இரண்டும் மாறி மாறி ஜெயிக்கின்றன.

எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால் எனக்கு வெறும் உருவம் மெய்யாக இருப்பதே பிடித்திருக்கிறது. 'க்க', 'ப்ப', 'ட்ட' எல்லாம் தெளிவாக இரண்டு உருவமாக நிற்கும், அதில் ஒன்றின் தலையில் மட்டும் உயிர் இருக்கும். வாயில் உயிர் வரும் இடத்தில்தான் தாளிலும் உயிர்க்குறி வரும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஒரே வரிதான்.

பேனா சொல்வதையும் கேட்க வேண்டும்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்து கீறப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பிராமியில் 'க' என்பது கூட்டல் குறி மாதிரி இரண்டு நேர்க்கோடு. கூரான முனையால் ஓட்டில் கீற நேர்க்கோடு சுலபம். அங்கிருந்து நகரத்துக்குள் வந்து, பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படும் ஓலைச்சுவடிகளைப் பார்த்தால் எழுத்து வளைந்து உருண்டு இருக்கும். எழுத்தாணியால் ஓலையில் நரம்பின் போக்கிலேயே நேராக அழுத்தி இழுத்தால் ஓலை கிழியும். பல சுவடிகளில் மெய்க்குப் புள்ளியும் இருக்காது. எது 'பல', எது 'பல்' என்று படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஹங்குலிலும் இது நடந்திருக்கிறது. அதன் உயிர்களில் முதலில் உருண்டைப் புள்ளிகள் இருந்தன. தூரிகையால் எழுதி எழுதி அவை சின்னக் கோடுகளாகிவிட்டன.

இதிலிருந்து எங்கள் ஜெல் பேனாவுக்கு நான் எடுத்துக்கொண்ட விதி: எந்த ஒலியையும் புள்ளியால் மட்டும் குறிக்கக் கூடாது. அவசரத்தில் புள்ளி விடுபடும், அல்லது மை பொட்டு வைத்துவிடும். உயிர்க்குறிகள் எல்லாம் மெய்யின் தலையைத் தொட்டு நிற்கும் சின்னக் கோடுகளாகவோ கொக்கிகளாகவோ இருக்கட்டும். ஒரு மெய்யை எழுதும்போது கை ஒரு முறைக்குமேல் தாளை விட்டு எழக் கூடாது.

திசையைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. இடமிருந்து வலம்தான். பிள்ளைகளில் இடக்கைக்காரர் இருவர் அட்லத்தைப் பார்த்துவிட்டு வலமிருந்து எழுத ஆசைப்பட்டார்கள். பத்திரிகையில் ஒரே வரியில் தமிழும் இந்த எழுத்தும் கலந்து வரும் என்பதால் அது சரிப்படாது.

நான் பரிந்துரைத்தது

ஹங்குலின் உருவக் கொள்கை, தெங்வாரின் தலைமேல் உயிர், ஒல் சிக்கியைப் போல நேராகக் கோட்டில் வரிசை. மெல்லினம் அடிப்படை உருவம். அதிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கினால் வல்லினம். இடையினத்தில் ய-வை ச, ஞ குடும்பத்திலும், வ-வை ப, ம குடும்பத்திலும் சேர்த்துவிடலாம். கோடு மேலே ஏறினால் இடையினம். ர, ழ இரண்டையும், ல, ள இரண்டையும் தொல்காப்பியமே தனி ஜோடிகளாகச் சொல்கிறது. அவற்றுக்கு இரண்டு புது அடிப்படை உருவம். ஆக மெய்யெழுத்து பதினெட்டுக்கும் எட்டு உருவம் தெரிந்தால் போதும்.

உயிருக்கு அ, இ, உ, எ, ஒ என்று ஐந்தே குறி. இரட்டித்தால் நெடில். அகரக் குறியும் இகரக் குறியும் சேர்ந்தால் ஐ, அகரமும் உகரமும் சேர்ந்தால் ஔ. சொல்லின் தொடக்கத்தில் வரும் உயிருக்கு ஏறி உட்கார ஒரு வெறும் தண்டு. அப்புறம் ஆய்தம். எட்டு, ஐந்து, தண்டு, ஆய்தம் என்று பதினைந்தே அடையாளங்களில் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம். அட்டவணை கால் பக்கத்தில் அடங்கும்.

பிரெஞ்சுப் பெயர் விஷயத்தில் இந்த முறை எதிர்பாராத உதவி செய்கிறது. புதுச்சேரியை ஆண்ட துய்ப்ளெக்ஸின் பெயரில் வரும் முதல் உயிர் தமிழில் இல்லை. நாக்கை 'இ' சொல்லும் நிலையில் வைத்து, உதட்டை 'உ' போலக் குவித்தால் வரும் ஒலி அது. இங்கே இகரக் குறியையும் உகரக் குறியையும் ஒன்றாகப் போட்டால் வேலை முடிந்தது. மெல்லினத்தில் ஒரு கோடு இறங்கினால் வல்லினம் என்பதால், இரண்டு கோடு இறக்கி ஃபிரான்சின் 'ஃப', ஜ போன்றவற்றுக்கும் இடம் கொடுக்கலாம். 31 தனி எழுத்து கொண்ட முறையில் ஒவ்வொரு புது ஒலிக்கும் புது உருவம் தேட வேண்டியிருக்கும்.

ந-வும் ன-வும் இன்று காதுக்கு ஒன்றாகத்தானே கேட்கின்றன, ஒன்றை விட்டுவிடலாமே என்று கேட்டாள் ஒரு பெண். நல்ல கேள்வி. ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம்; ஒன்றை விட்டால் த-வோ ற-வோ துணையில்லாமல் நிற்கும். தமிழ் எழுத்துக்கூட்டலை அப்படியே மாற்றி எழுதவும் முடியாமல் போகும். பதினெட்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

எட்டு உருவத்தையும் வரையும் பொறுப்பு இனி அவர்களுடையது. வரைந்ததும் 'திருப்பாதிரிப்புலியூர்', 'வாழ்க்கை', 'மஞ்சக்குப்பம்' மூன்றையும் ஆளுக்கொரு தாளில் வேகமாக எழுதி, தாளை மாற்றிக்கொண்டு படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தக் குடும்பத்தின் அடிப்படை உருவத்தை மட்டும் மாற்றினால் போதும். கோடு இறங்கும் விதியும் உயிர்க்குறிகளும் அப்படியே இருக்கும்.